மாசி மகத்து ஊதா மை

1

போன வாரம் எங்கள் அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் ஒரு வாக்கியம் சொன்னார். கேட்டதும் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. அதே வாக்கியத்தை ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் செங்கல்பட்டில் தமிழில் கேட்டிருக்கிறேன்.

"அன்றைக்கு எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள்."

கிடைப்பார்களாம்! கத்தரிக்காயா கருவாடா, சந்தையில் கிடைப்பதற்கு?

நான் இருப்பது கனடாவில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமை வயலும் வருஷத்தில் பாதி நாள் பனியுமாகக் கிடக்கிற ஒரு சின்ன ஊர். இங்கே சுகாதார அலுவலகத்தில் வேலை. ஊரிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் இந்த மண்ணின் பழங்குடி மக்களுக்கென்று சர்க்கார் ஒதுக்கிவைத்த நிலம் இருக்கிறது. நல்ல நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்கினார்கள் என்பது வேறு கதை. அந்த மக்களிடையே காசநோய் எவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்யப் போகிறார்களாம். கோடையில் அவர்களுக்கு ஒரு பெரிய கூடுகை உண்டு. தூரதூரமாகச் சிதறிக் கிடக்கிற குடும்பங்கள் வந்து கூடாரம் அடித்து, ஆடிப் பாடி, பிள்ளைகளுக்குப் பெயர் வைத்து, கல்யாணம் பேசிப் போகிற நாட்கள் அவை. அங்கே போய் எல்லோருக்கும் கையில் ஊசி போட்டு, ஊசி போட்ட இடம் தடித்தவர்களுக்கு மணிக்கட்டில் மஞ்சள் பட்டை, தடிக்காதவர்களுக்கு வெள்ளைப் பட்டை கட்டிவிடலாம் என்பது எங்கள் தலைமை அதிகாரியின் யோசனை. மஞ்சள் பட்டைக்காரர்களைக் கூட்டத்திலிருந்து பிரித்து எக்ஸ்ரே வண்டிக்கு அனுப்புவது சுலபமாம்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊரில் நான் நர்ஸ் படிப்புப் படித்து உத்தியோகம் பார்த்தவள். இங்கே வந்ததும் என் சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய இடத்திலிருந்து அனுபவச் சான்று வாங்கி வா என்றார்கள். பழைய இடத்தில் கொடுக்க மாட்டேன் என்றார்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆகவே நான் இங்கே பஞ்சு, ஊசி, கையுறை அடுக்குகிற சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தச் சாவிக்கொத்துதான் என் உத்தியோகம்.

இப்படிப்பட்டவளை ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு அழைத்ததற்கு அதிகாரி சொன்ன காரணத்தைக் கேளுங்கள். "அவர்களும் இந்தியர்கள், நீங்களும் இந்தியர். உங்களுக்கு அவர்களோடு பேச வரும்." கடலில் வழி தப்பி வந்த எவனோ ஒருவன் அந்த மக்களுக்கு வைத்த பெயர் அது. படித்த மனிதர் அதை நம்பி எனக்கு நாற்காலி போடுகிறார்! பக்கத்து நாற்காலியில் அந்த மக்களின் பிரதிநிதி என்று மார்த்தா என்கிற பெண்மணியை உட்கார வைத்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கூட்டம் முழுக்க அவளிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள்.

2

அன்று வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு கூத்து. என் மகள் ஜமீலா காகிதத்தில் செய்த இறகுக் கிரீடத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பள்ளிக்கூடத்தில் அன்று பழங்குடி மக்களைப் பற்றிப் பாடமாம். டீச்சர் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிரீடம் செய்யக் கற்றுக்கொடுத்தாளாம். மார்த்தாவின் பேத்தியும் அதே வகுப்புதான். அவளுக்கும் ஒரு காகிதக் கிரீடம் கொடுத்தார்களாம்.

"அந்தப் புள்ள இன்னா பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

ஜமீலா இங்கிலீஷில்தான் பதில் சொன்னாள். அவள் என்னை உம்மா என்று கூப்பிட்டே மாசக்கணக்காகிறது. அந்தப் பிள்ளை கிரீடத்தை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டதாம். டீச்சர் கோபித்துக்கொண்டாளாம். "நீ ஏன் சத்தம் போடுகிறாய்?" என்று என்னைக் கேட்டுவிட்டு ஜமீலா டெலிவிஷன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் இன்னும் சத்தமே போடவில்லை, முகம் மட்டும்தான் அப்படி ஆகியிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் காதர் தானியக் கிடங்கில் இயந்திரம் பார்க்கிறவர். மகாபலிபுரத்துப் பக்கம் எங்கள் கோவளத்துக்காரர்தான், பொறுமைசாலி. சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே கூட்டத்து விஷயத்தைக் கேட்டார்.

"மைமூன், சும்மா கெடக்கற சங்க ஊதிக் கெடுக்காத. அங்க ஊதனது பத்தாதா?"

"பத்தல மச்சான்."

"வேலைய வுட்டுத் தொரத்திடுவானுங்க."

"சாமான் ரூமுலருந்து எங்க தொரத்துவானுங்க? அதுக்குக் கீழ ரூமே இல்ல."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் ஊரிலிருந்து தங்கச்சி அனுப்பிய நாட்காட்டி தொங்குகிறது. மூன்று மாசம் கப்பலில் வந்தது. தாள் கிழிக்கப் போனால் மாசி பிறந்திருந்தது. வெளியே முழங்கால் உயரம் பனி. எனக்கோ மூக்கில் மகாபலிபுரத்து உப்புக்காற்று அடித்தது.

3

நான் வேலை பார்த்தது செங்கல்பட்டில், காசநோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு சின்னப் பிரிவு. பெயர் வேண்டாம். தலைவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். கெட்டிக்காரர்தான். கடல்தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். சுற்றுவட்டாரத்து இருளப் பழங்குடிகளிடையே இந்த நோய் எப்படி இருக்கிறது என்று அளந்து எழுதிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆசை நல்ல ஆசைதான், நான் குறை சொல்லவில்லை. காசநோய் பொல்லாதது, அதனால் செத்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இருளர்கள் அப்போது ஏரிக்கரையில் நாலு குடிசை, அரிசி மில்லுக்குப் பின்னால் மூன்று குடிசை, சவுக்குத் தோப்பு ஓரத்தில் இரண்டு என்று கிடந்தார்கள். வயலில் எலி பிடிக்கிற பருவத்தில் ஓரிடம், பாம்பு பிடிக்கப் போனால் வேறிடம். பாம்புத்தோல் வியாபாரத்தை சர்க்கார் நிறுத்தப் போகிறது என்று பேச்சு வேறு அடிபட்டு, பிழைப்புத் தேடி அலைந்த நேரம் அது. எங்கள் ஜீப் போவதற்கு ரோடு கிடையாது. ரோடு விட்டு இறங்கி நடக்க டாக்டர்களுக்கு மனசு கிடையாது. போய்ச் சேர்ந்தாலும் ஆண்கள் காட்டுக்குள் இருப்பார்கள். பெயர் கேட்டால் பெண்களில் பாதிப்பேர் கன்னியம்மா. அவர்கள் சாமி கன்னியம்மன், அதனால் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பெயர். "இதுகளை வச்சுக்கிட்டு எப்படி ரிக்கார்டு எழுதறது?" என்று பெரிய டாக்டர் அலுத்துக்கொள்வார். பெயர் வைத்தவர்கள் அவருடைய ரிக்கார்டுக்காக வைக்கவில்லையே!

அப்போதுதான் யாரோ அவருக்கு மாசி மகத்தைப் பற்றிச் சொன்னார்கள். மாசிப் பௌர்ணமிக்கு எங்கெங்கோ இருக்கிற இருளர்கள் எல்லாரும் மகாபலிபுரம் கடற்கரைக்கு வருவார்கள். இரண்டு மூன்று நாள் முன்பே வந்து, புடவைகளைக் கட்டி மறைப்பு எழுப்பி மணலிலேயே தங்குவார்கள். பௌர்ணமி கழிந்த விடியலில் ஈரமணலில் ஏழு படி கட்டி, கன்னியம்மனைக் கடலிலிருந்து அழைத்துக் கும்பிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து, சண்டை தீர்ப்பது எல்லாம் அங்கேதான். அந்த மணலில் பேசிய சம்பந்தத்தை மறுவருஷம் அந்த மணலில்தான் முடிப்பார்கள். முறிந்தாலும் அங்கேயே முறியும்.

பெரிய டாக்டர் மேசையைத் தட்டிச் சொன்னார்: "அன்னைக்கு எல்லாரும் ஒரே இடத்துல கிடைப்பாங்க."

ஊரே கூடி சாமி கும்பிடுகிற இடத்துக்கு ஊசியோடு போவதா என்று நான் வாய் திறந்தேன். "மைமூன், நீ கோவளத்துப் பொண்ணு. அவங்க உன்னை நம்புவாங்க. நீ முன்னால நில்லு" என்றார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்த மாதிரி தாராளம்.

4

நம்புவார்கள் என்று அவர் சொன்னது உண்மைதான். எங்கள் கோவளத்து வீட்டுக்கு நண்டும் இறாலும் கொண்டுவந்து விற்கிற கன்னியம்மா இருளச்சிதான். முட்டுக்காட்டு உப்பங்கழியில் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்து, வலை இல்லாமல் கையாலேயே தடவிப் பிடிப்பாள். வாயாடி. எங்கள் தெரு முழுக்க அவள் குரல் கேட்கும். அவள் மகள் காசிக்கு அந்த மாசி மகத்தில்தான் கல்யாணம். மாப்பிள்ளை ஏழுமலை, மதுராந்தகம் ஏரிப் பக்கத்து ஆள். போன வருஷமே மணலில் உட்கார்ந்து பேசி வைத்தது. காசியும் ஏழுமலையும் ஒருவரை ஒருவர் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஆனாலும் அந்தப் பெண் ஒரு வருஷமாக வேறு பேச்சே பேசவில்லை என்று கன்னியம்மா கேலி செய்வாள்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வேன் கடற்கரையில் போய் நின்றது. கூடாரம் அடித்தோம். கன்னியம்மாதான் முதலில் கையை நீட்டினாள். "பாயம்மா சொல்லுது, குத்திக்கலாம் வாங்க" என்று தன் ஜனத்தைக் கூப்பிட்டாள். வரிசை நின்றது. மதுராந்தகத்துக் கூட்டமும் வந்தது. ஏழுமலையின் அப்பா பொன்னன் வரிசையில் நிற்கும்போதே விடாமல் இருமினார். விலா எலும்பு தெரிந்தது.

அந்த ஊசியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். முன்கையில் தோலுக்கடியில் ஒரு சொட்டு மருந்து ஏற்றுவோம். மூன்றாம் நாள் பார்த்தால் சிலருக்கு அந்த இடம் தடித்திருக்கும். எப்போதோ ஒரு நாள் அந்தக் கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பயிற்சியின்போது நாங்கள் ஒருவருக்கொருவர் போட்டுப் பார்த்தோம். எனக்குத் தடித்தது. பெரிய டாக்டருக்கு என்னைவிடப் பெரிதாகத் தடித்தது. டீ குடித்துக்கொண்டே சிரித்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் கைகளைப் பார்க்க உட்கார்ந்தோம். தடித்தவர்களிடம் சளி வாங்கிச் சோதிக்க வேண்டும். அத்தனை கன்னியம்மாக்களில் யார் எவர் என்று கூட்டத்தில் எப்படித் தேடுவது? பெரிய டாக்டர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தைப் பஞ்சில் நனைத்து, தடித்தவர்கள் முன்கையில் வளையம் போடச் சொன்னார். சந்தையில் விற்ற மாட்டுக்கு அடையாளம் போடுவது போல! அந்த மனிதர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது. சர்க்கார் அவர்கள் உடம்பில் வைத்த முதல் மை அதுவாகத்தான் இருக்கும்.

அதோடு விட்டார்களா? அட்டெண்டர் கையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கொடுத்து, கடற்கரை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தச் சொன்னார்கள். "ஊதா மை போட்டவங்க மட்டும் வேன் பக்கம் வரவும். டி.பி. சந்தேகக்காரங்க மட்டும் வரவும்."

சுண்டல் விற்கிறவன் முதல் படம் பிடிக்க வந்த வெள்ளைக்காரர்கள் வரை திரும்பிப் பார்த்தார்கள். ஊதா வளையம் போட்டவர்கள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள். வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பேச்சு, தொட்டால் ஒட்டும் என்று ஒரு பேச்சு, மணலில் தீப் பிடித்த மாதிரி பரவியது. பொழுது சாய்வதற்குள் மதுராந்தகத்துக் கூட்டம் தங்கள் மறைப்பைப் பிரித்து நாலு மறைப்பு தள்ளிக் கட்டிக்கொண்டது.

காசியின் கையில் வளையம் இருந்தது. ஏழுமலை கையில் இல்லை, பொன்னன் கையிலும் இல்லை.

பொன்னன் பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். விடிந்தால் கல்யாணம். அதற்குள் வேறு பெண் பார்க்கத் திருவள்ளூர்ப் பக்கத்து மறைப்புக்கு ஆள் போய்விட்டதாம்.

5

கன்னியம்மா எங்கள் கூடாரத்துக்கு வந்தபோது கடலுக்கு மேல் நிலா தலை காட்டிக்கொண்டிருந்தது. வாயாடி என்று சொன்னேனே, அவள் வாயே திறக்கவில்லை. கூடாரத்து வாசல் மணலில் உட்கார்ந்தாள். விஷயத்தை அவளுடன் வந்த பெண்கள்தான் சொன்னார்கள்.

நான் உள்ளே ஓடிப் பெரிய டாக்டரிடம் சொன்னேன். குழாயில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் சார், மை இருந்தாலே நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை என்று, ஒரே ஒரு வார்த்தை.

அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "அப்படிச் சொன்னா அப்புறம் யாரு சளி கொடுக்க வருவாங்க? கொஞ்சம் பயம் இருக்கட்டும் மைமூன்."

"கல்யாணம் நின்னுடும் சார்."

"அதெல்லாம் அவங்க உள்விவகாரம். நாம தலையிடக் கூடாது."

தலையிடக் கூடாதாம்! கையில் ஊசி குத்தியாயிற்று, மை பூசியாயிற்று, ஊர் முன்னால் ஏலம் போட்டாயிற்று. சரிசெய்யச் சொன்னால் மட்டும் அவர்கள் உள்விவகாரம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாகக் கேட்டிருக்கிறேன். இந்த ஓநாய் அழக்கூட இல்லை.

வெளியே வந்தேன். கன்னியம்மா தலை நிமிர்ந்தாள்.

"பாயம்மா, எம்பொண்ணுக்கு டி.பி.யா?"

"இல்ல கன்னிம்மா. கை தடிச்சா டி.பி.ன்னு இல்ல. எனக்கும்தான் தடிச்சுது. தோ உள்ள குந்திகினு கீறாரே, டாக்டரு, அவருக்கும் தடிச்சுது."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"அப்ப உன் கையில ஏன் மை இல்ல?"

நான் திரும்பிக் கூடாரத்துக்குள் போனேன். மேசை மேல் இருந்த ஊதா பாட்டிலை எடுத்தேன். அவள் முன்னால் வந்து உட்கார்ந்து, பஞ்சை நனைத்து என் முன்கையில் வளையம் போட்டுக்கொண்டேன். பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன்.

கன்னியம்மா எழுந்தாள். அப்போதுதான் அவள் குரல் திரும்பியது. "இன்னாங்கடி பாத்துகினு கீறீங்க? நீட்டுங்கடி கைய!"

வந்த பெண்கள் நீட்டினார்கள். அவர்கள் பிள்ளைகள் நீட்டினார்கள். அடுத்த மறைப்பு, அதற்கடுத்த மறைப்பு. பஞ்சு தீர்ந்ததும் விரலாலேயே போட்டார்கள். இரண்டாவது பாட்டில், மூன்றாவது பாட்டில், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சிலர் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு கிழவர் நெற்றியில் போடச் சொன்னார். மத்தியானம் முழுக்கக் கையை மறைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை உதறிவிட்டு நடந்தார்கள். திருவள்ளூர்க்காரர்கள் மறைப்பில் பொன்னன் ஆள் அனுப்பிக் கேட்ட பெண்ணும் வந்து நீட்டினாள். "எனக்கும் போடு ஆயா" என்றாள்.

பெரிய டாக்டர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். யாருக்குத் தடித்தது யாருக்குத் தடிக்கவில்லை என்று அல்லாவே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. "ஸ்டாப்! ஸ்டாப்! மைமூன், என்ன பண்றே? மொத்த சர்வேயும் போச்சு!"

கன்னியம்மா பாட்டிலோடு அவர் எதிரில் போய் நின்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"சாமி, உனுக்கும் தடிச்சுதாமே? கைய நீட்டு."

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எல்லோரும் பார்த்தார்கள். கூட்டத்து ஓரத்தில் பொன்னனும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருமிக்கொண்டே கடல் பக்கம் நடந்து போய்விட்டார்.

6

இந்தக் கதையைத்தான் மறுநாளும் தொடர்ந்த அந்தக் கூட்டத்தில் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பாதி கையாலும் பாதி வாயாலும் சொன்னேன். கடைசியில் தலைமை அதிகாரியைப் பார்த்துக் கேட்டேன், நம் அலுவலகத்தில் எல்லோரும் வருஷா வருஷம் அந்த ஊசி போட்டுக்கொள்கிறோமே, உங்களுக்குத் தடித்ததே, உங்கள் கையில் என்ன நிறம் என்று.

அவர் முகம் கோணாமல் என் இங்கிலீஷைத் திருத்தினார். கையில் என்று சொல்லக் கூடாதாம், மணிக்கட்டின் மேல் என்று சொல்ல வேண்டுமாம். பிறகு, "சுவாரசியமான அனுபவம், குறித்துக்கொள்ளப்பட்டது" என்று காரியதரிசியிடம் சொன்னார். ஒருவர், அந்தச் சர்வேயில் எவ்வளவு பேருடைய விவரம் வீணானது என்று கவலையோடு விசாரித்தார். இன்னொருவர், அழியாத மை உபயோகித்திருந்தால் இந்தத் தகராறு வந்திருக்காதே என்றார். பட்டை விஷயம் முடிவாகிவிட்டது, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்று காகிதத்தைத் திருப்பினார்கள்.

கூட்டம் முடிந்து நான் சாமான் அறையைத் திறந்துகொண்டிருந்தபோது மார்த்தா பின்னாலேயே வந்தாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அம்மாவை இதே நோய்க்காக ரயிலேற்றி எங்கோ ஒரு சானடோரியத்துக்குக் கொண்டுபோனார்கள். அம்மா திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று இன்று வரை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. இதை அவள் வேறொரு நாள், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என்னிடம் சொல்லியிருக்கிறாள். கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, அதனால் அங்கே சொல்லவில்லை.

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை படித்தவர்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஒருத்தருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை.

நடந்தது மார்த்தா, நடந்தது என்றேன்.

விடியலில் ஏழு படி கட்டி, கடலில் குளித்து வந்து, காசி ஈரப் புடவையோடு படிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வருவானா என்று யாருக்கும் தெரியாது. கன்னியம்மா கடலையே பார்த்து நின்றாள். அப்போது பொன்னன் மகனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ராத்திரி யாரும் தேடாத நேரத்தில் ஏழுமலை தானாகவே போய்க் கையில் வளையம் போட்டுக்கொண்டிருக்கிறான். பொன்னன் அந்தக் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். பிறகு தன் கையைக் கன்னியம்மாவிடம் நீட்டினார்.

"எம் புள்ள கையில கீறது எனுக்கும் இருக்கட்டும். அந்த டாக்டரு கையத்தான் ஒளிச்சுக்கினாரு. நாம ஏன் ஒளிக்கணும்?"

தாலி கட்டிய கையிலும் ஊதா, தாலி வாங்கியவள் கையிலும் ஊதா. தாலியின் மஞ்சளில்கூடக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றும் நடந்தது. கல்யாணம் முடிந்ததும் கன்னியம்மா அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு வேனுக்கு வந்தாள். "சளிதான வோணும்? எல்லாரும் துப்பறோம், புட்டி குடு" என்றாள். பயந்து ஒளிந்தவர்கள் ஒருவர்கூட அன்று ஒளியவில்லை. பெரிய டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? உண்மையான மை எது என்று தெரியாததால் யாருடைய சளியும் வேண்டாம் என்று வேனைக் கிளப்பச் சொன்னார். அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை, இனிமேலும் மன்னிக்க மாட்டேன்.

பொன்னனை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனசு கேட்கவில்லை. உடம்பு ரொம்ப நைந்துபோனவர்களுக்கு நோய் இருந்தும் கை தடிக்காமல் போவதுண்டு. ஒரு புட்டியில் அவர் சளியை வாங்கி, மூடி, என் டிபன் பையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போனேன். லேபில் இருந்த சிநேகிதி பார்த்துச் சொன்னாள், கிருமி இருந்தது. மருந்து கொடுக்க வைக்க நான் பட்ட பாடு தனி. அனுமதியில்லாமல் சளி எடுத்தது, ஆராய்ச்சியைக் கெடுத்தது என்று எனக்கு மெமோ வந்தது. வேலை போனது. அனுபவச் சான்று கிடைக்காததும் அதனால்தான். மறுவருஷ மாசி மகத்துக்கு நான் கோவளத்திலிருந்து போனேன். பொன்னன் இருமாமல் மணலில் உட்கார்ந்து, காசியின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். வேறென்ன, கன்னியம்மாதான்.

மார்த்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் பார்வை என் தோளைத் தாண்டி அலமாரிகள் மேல் போனது.

"அந்த மஞ்சள் பட்டைகள் வந்துவிட்டனவா?" என்று கேட்டாள்.

"பெட்டி பெட்டியாக வந்திருக்கின்றன."

"கூடுகைக்கு வருகிற எல்லோருக்கும் போதுமா?"

"போதும். இந்த அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்தே போதும்."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது என்றும் சொன்னேன்.